நான்கு நிமிட நிறுத்தம்

6

“பொய் சொல்றவங்களைப் பிடிச்சிடலாம், நிபால்தோ. ‘நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்’னு தானா வந்து கழுத்தை நீட்டுறவளை என்னய்யா பண்றது?”

தோஞா எதெல்மிரா யாஞெஸ் இதைக் கேட்டது ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில். லிஃப்ட் பழுது. சிலி நாட்டின் குன்று நகரமான வல்பரைசோவில் பிறந்தவனுக்குப் படிக்கட்டு புதிதில்லை, ஆனால் வீட்டுக்கு ஏறுவதே போதும், ஆஸ்பத்திரிக்குள்ளுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மூச்சு வாங்க அடுத்த படியில் கால் வைத்தேன்.

எங்கள் ஊரில் மரியாதைக்குரிய பெண்ணைத் ‘தோஞா’ என்போம், ஆணைத் ‘தோன்’ என்போம். எங்கள் தோஞா இருபத்திரண்டு வருஷம் அவசர அழைப்பு மையத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரின் அழுகையைக் கேட்டவர். அதை விட்டதும் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் பத்தொன்பது வருஷம் ஷேர் டாக்சி ஓட்டியவன். என் கார் திருடு போனபோது இரண்டே நாளில் கண்டுபிடித்துக் கொடுத்தார். என்ன, இன்ஜினைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு நான் உதவியாளன்.

கழுத்தை நீட்டியவள் பெயர் தமாரிஸ். பெலிகானோ ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் முதல் நிலை உதவியாளர். போன செவ்வாய்க்கிழமை சான் ரோக்கே குன்றில் தகரக் கூரை வேய்கிற அபெலார்தோ என்பவர் கூரையிலிருந்து விழுந்தார். விலா ஒடிந்து நுரையீரலைக் குத்தி, காற்று வெளியேற வழியில்லாமல் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வருவதற்குள் யாரோ ஒருவர் ஆம்புலன்ஸிலேயே அவர் நெஞ்சில் தடித்த ஊசியைக் குத்திக் காற்றை வெளியே விட்டிருந்தார். மனிதர் பிழைத்துக்கொண்டார். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் சட்டத்தை நான் தள்ளுவண்டியில் விற்கும் கம்ப்ளேத்தோவை, அதாவது சாசேஜ் வைத்த ரொட்டியை, வைத்துத்தான் புரிந்துகொண்டேன். முதல் நிலை வண்டியில் ஒரு ஓட்டுநர், ஒரு உதவியாளர். இவர்கள் ரொட்டியை மட்டும் தரலாம்: ஆக்சிஜன், கட்டு, கழுத்துப் பட்டை, நெஞ்சை அமுக்குவது, மூச்சுப் பையை அழுத்துவது. இரண்டாம் நிலை வண்டியில் பயிற்சி பெற்ற நர்ஸ் வருவார், அவர் சாசேஜை வைக்கலாம்: நரம்பில் ஊசி, மருந்து. மூன்றாம் நிலையில் டாக்டரே வருவார். மேலே அவகாடோவைத் தடவ அவருக்கு மட்டும்தான் உரிமை. நெஞ்சில் குத்துகிற ஊசி அவகாடோ. டாக்டர் ரேடியோவில் உத்தரவு கொடுத்தால் நர்ஸ் குத்தலாம். எல்லா வண்டியிலும் அந்த ஊசி ஒரு சிவப்புப் பெட்டியில் இருக்கும், ஆனால் முதல் நிலை ஆள் அதன் முத்திரையைத் தொடவே கூடாது.

அன்று அந்தப் பக்கம் இரண்டாம் நிலை வண்டியே இல்லை. முத்திரை உடைந்திருந்தது. “நான்தான்” என்று தமாரிஸ் எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்று நாலு மணிக்குத் தகுதிக் குழு கூடி அவள் வேலை உரிம அட்டையைப் பறிக்கப் போகிறது. இப்போது மணி பதினொன்று.

நாலாவது மாடியில் அபெலார்தோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களை அமர்த்தியவர் அவர்தான்.

“வாங்க தோஞா எதெல்மிரா. அந்தப் பொண்ணைக் காப்பாத்திட்டீங்களா?”

“இன்னும் இல்ல, தோன் அபெலார்தோ. டாக்டர் யாராவது ரேடியோவில உத்தரவு கொடுத்திருந்தா தண்டனையாவது குறையும்னு நெனச்சு, என் பழைய ஆபீஸ்ல அன்னிக்குப் பதிவான எல்லாத்தையும் கேட்டேன். சான் ரோக்கே பள்ளத்துல சிக்னலே கிடையாது. ஒம்பது நிமிஷம் வெறும் இரைச்சல்.”

“அப்போ என்னை உயிரோட கொண்டுவந்ததுக்கு அவளுக்குத் தண்டனை. நான் செத்திருந்தா எல்லாருக்கும் சரியா இருந்திருக்குமா?”

“உங்க மாமியாருக்கு” என்றேன்.

அவர் சிரிக்கப் போய், விலா வலித்து, என்னைத் திட்டினார். தோஞா எங்கள் இருவரையும் முறைத்துவிட்டுக் காயத்தைக் காட்டச் சொன்னார். அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டு. அதை மாற்ற வந்த நர்ஸ் தானாகவே முணுமுணுத்தாள்.

“எங்களுக்கெல்லாம் முன்பக்கம், காறை எலும்புக்குக் கீழதான் சொல்லித் தந்தாங்க. இது பக்கத்துல குத்தியிருக்கு. சுத்தமான வேலை. முதல் நிலைப் பொண்ணு இதை எங்க போய்க் கத்துக்கிட்டாளோ?”

“உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கா?” என்று தோஞா அபெலார்தோவைக் கேட்டார்.

“ஒரு கை, அவ்வளவுதான். பெரிய கை. இந்தப் பக்க நெஞ்சையே மூடிருச்சு.” கண்ணை மூடி யோசித்தார். “அப்புறம் வண்டி நின்னுச்சு. துளி அசைவுகூட இல்லாம நின்னுச்சு. செத்துட்டேன்னுதான் நெனச்சேன்.”

படியிறங்கும்போது தோஞா ஒரு தாளை எடுத்துப் படித்தார். ஆம்புலன்ஸில் பொருத்திய கருவி அனுப்பிய பதிவு. சான் ரோக்கே பள்ளத்தில், எல் லித்ரே சரிவில், வண்டி நான்கு நிமிடம் பத்து வினாடி நின்றிருக்கிறது. குழு இதைத்தான் தமாரிஸுக்கு எதிரான பெரிய சாட்சியாக வைத்திருந்தது: வண்டியை நிறுத்தச் சொல்லி டாக்டர் வேலை பார்த்தாள் என்று.

“நமக்கு மிச்சம் இருக்கிறது இந்த நாலு நிமிஷம்தான்” என்றார்.

*

பிளாயா அஞ்சாவில் இருந்த பெலிகானோ கொட்டகையில் தமாரிஸ் நாலாம் எண் ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். விசாரணை முடியும்வரை நோயாளிப் பக்கம் போகக் கூடாதாம், வாளியும் துணியும்தான். முப்பது வயது இருக்கும். ஆள் குள்ளம், கை அதைவிடக் குட்டி. அந்தக் கையை நான் பார்ப்பதைப் பார்த்ததும் துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

“மறுபடியுமா தோஞா? எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேனே.”

“எங்க குத்தினே, காட்டு.”

தன் விலாவிலேயே சரியான இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“எத்தனை தடவை செஞ்சிருக்கே?”

“அதுதான் முதல் தடவை.”

“முதல் தடவையிலேயே நர்ஸ் அசந்துபோற மாதிரியா?”

“எனக்குக் கை ராசி.” வாளித் தண்ணீரை எங்கள் காலருகே கொட்டினாள். “அஞ்சு மணிக்கு எல்லாம் முடிஞ்சிரும். நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிங்க.”

“உன்னோட அன்னிக்கு வண்டி ஓட்டினது யாரு?”

“ஒதிலோன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஓட்டுவாரு, தூக்குவாரு, அவ்வளவுதான்.” பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. “அவரு ஹைட்டிக்காரரு, ஸ்பானிஷே அரைகுறை. அவரைப் போய் வதைக்காதீங்க.”

தோஞாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உதவி செய்ய வந்தவர்களை எதிரியாகப் பார்க்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு விடாப்பிடியாகப் பார்த்ததில்லை. நான் வண்டியின் பின்பக்கமாகப் போய் நின்றேன். பழக்க தோஷம், எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் கட்டையைத்தான் பார்ப்பேன். எங்கள் குன்றுகளில் ஹேண்ட் பிரேக்கை நம்பி வண்டியை விட்டு இறங்குகிறவன் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் இறங்குவோம். கட்டை இல்லாமல் நிறுத்திய காரைக் கடைசியில் யாராவது ஒருவரின் வரவேற்பறையில்தான் கண்டெடுக்க வேண்டியிருக்கும்.

பின்கதவுக்குக் கீழே இரண்டு கொக்கிகள். மஞ்சள் பெயின்ட் அடித்து, நாலு என்று எழுதிய கட்டை ஒன்று இருந்தது. மற்றொரு கொக்கி காலி.

“தோஞா” என்றேன் மெதுவாக. “நாலு நிமிஷம் கிடக்கட்டும். இன்னொரு கட்டை எங்க?”

*

எல் லித்ரே சரிவில் நடந்து இறங்கும்போதே எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

“பத்தொம்பது வருஷத்துல நான் இங்க ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தினதில்ல. பிரசவ வலியில பொண்ணு கத்தினப்போகூட நிறுத்தல. அதோ கீழ பாருங்க, அறுபது மீட்டர்ல பஸ் ஸ்டாப், தரை சமமா இருக்கு. பின்னாடி இருக்கிறவ ‘ஆடாம நிறுத்து’ன்னு சொன்னா எந்த டிரைவரும் அங்க போய்த்தான் நிறுத்துவான்.”

“அப்போ இங்க எவன் நிறுத்துவான்?”

“பின்னாடி இருக்கிற உயிரு அறுபது மீட்டர்கூடத் தாங்காதுன்னு தெரிஞ்சவன்.”

தோஞா நின்றுவிட்டார். “சொல்லு. நிறுத்தினவன் சீட்லயே இருந்தா கட்டை வேணுமா?”

“எதுக்கு? பிரேக்கை மிதிச்சுக்கிட்டே உக்காந்திருப்பான். இறங்கினாத்தான் கட்டை.”

“ஊசி போடுறவ பின்னாடி இருந்தா வண்டி ஓடிக்கிட்டே இருக்கலாம்” என்றார் தோஞா, விரலை மடக்கி. “வண்டி நின்னதுக்குக் காரணம் ஒண்ணுதான் நிபால்தோ. ஊசி போட வேண்டிய ஆளு ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தான்.”

கட்டையைத் தேடி நாங்கள் சாக்கடையைக் கிளறவில்லை. சரிவின் ஓரத்து மளிகைக் கடையின் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க, அதன் அடியில் மஞ்சளாக ஒன்று செருகியிருந்தது. நாலு என்ற எண் நன்றாகவே தெரிந்தது. கடைக்காரி உர்சுலினாவுக்கு மறைக்க ஒன்றுமில்லை.

“செவ்வாக்கிழமை ஆம்புலன்ஸ் நின்னுச்சுல்ல, அது விட்டுட்டுப் போச்சு. நெட்டையா கறுப்பா ஒருத்தர் குதிச்சு இறங்கினாரு, கட்டையைப் போட்டாரு, பின்னாடி ஓடினாரு. எனக்கு ஒரே படபடப்பு, வாசல்லயே நின்னு பார்த்தேன்.”

“அந்தப் பொண்ணு என்ன பண்ணிக்கிட்டு இருந்தா?” என்று தோஞா கேட்டார்.

“பாவம், ஒரு ரப்பர் பையை வெச்சு அந்த ஆளுக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா. ரெண்டு கையும் அதுலதான். ஒரு நொடிகூட எடுக்கல.”

அவ்வளவுதான், முடிந்தது. இரண்டு கையும் மூச்சுப் பையில் இருந்தவள் மூன்றாவது கையால் ஊசி குத்த முடியாது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் உர்சுலினா கட்டையைத் தர மறுத்தாள். அதே அளவு கல் ஒன்று கொண்டுவந்தால் தருவாளாம். கொலைக் கேஸில்கூடச் சாட்சியம் இவ்வளவு சிரமப்படுத்தியதில்லை. நான் அறுபத்தெட்டுப் படி ஏறி ஒரு கல்லைச் சுமந்துகொண்டு இறங்கினேன்.

படியிறங்கும்போது ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். குழுவின் செயலாளருக்குப் போன் போட்டேன். “நிபால்தோ பேசறேன். தமாரிஸ் அதைச் செய்யல. எங்ககிட்ட ஆதாரம் இருக்கு, ஒரு அடி நீளம், மஞ்சள் கலர். நாலு மணிக்கு வந்து காட்டுறோம்.” பிறகு தமாரிஸுக்கும் போன் போட்டேன். “அழாம இரு. உண்மை தெரிஞ்சிருச்சு.” அவள் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

*

ஒதிலோன் மீன்பிடித் துறையில், பெலிகானோவின் இரண்டாம் எண் வண்டியைக் காத்திருப்பில் நிறுத்தியிருந்தார். அவரோடு இருந்த புது உதவியாளர் மீன் வறுவல் வாங்கப் போயிருந்தார். ஒதிலோனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு தடித்த மருத்துவப் புத்தகம். எங்களைக் கண்டதும் அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். ஸ்டியரிங்கின் மேல் இருந்த அந்தக் கையைப் பார்த்தேன். தமாரிஸின் கை இரண்டு அதற்குள் அடங்கும்.

தோஞா மஞ்சள் கட்டையை நீட்டினார்.

ஒதிலோன் அதை வாங்கி, கவனமாகத் துடைத்தார். “நன்றி. தேடிக்கிட்டு இருந்தேன். கட்டையைத் தொலைச்சா ஆபீஸ்ல திட்டுவாங்க.”

“ஊசியை எங்க கத்துக்கிட்டீங்க, டாக்டர்?”

கடைசி வார்த்தைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பானிஷ் ஒன்றும் அரைகுறை இல்லை, மெதுவாகப் பேசினார், அவ்வளவுதான்.

“எங்க ஹைட்டியில, போர்ட்டோபிரின்ஸ்ல. ஒம்பது வருஷம் டாக்டரா இருந்தேன். பூகம்பம் வந்தப்போ எல்லாருக்கும் கூடாரத்துலதான் வைத்தியம். ஒரு நாளைக்கு எத்தனை நெஞ்சு குத்தினேன்னு எண்ணல. படுக்கக்கூட இடம் இல்ல, பக்கத்துலதான் குத்த முடியும்.” கட்டையை மடியில் வைத்தார். “இங்க என் பட்டம் செல்லாது. இந்த ஊர்ப் பரிட்சை எழுதணும். ரெண்டு தடவை எழுதப் போயி காகிதம் பத்தலன்னு அனுப்பிட்டாங்க. இப்போ எல்லாம் சரியாயிருக்கு. டிசம்பர் எட்டாம் தேதி.”

“அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“பின்னாடியிருந்து அந்த ஆளோட மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நிறுத்தாம இருக்க முடியல.” கட்டையைத் திருப்பிப் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்கு வந்து நான் வண்டியைப் பூட்டுறதுக்குள்ள தமாரிஸ் அறிக்கை எழுதிக் கொடுத்துட்டா. சண்டை போட்டேன். கேக்கல. இன்னிக்கு நாலு மணிக்கு நானே வர்றேன். உண்மையைச் சொல்லிடுறேன். பரிட்சை போனா போகட்டும்.”

தோஞா அவர் தோளில் கை வைத்தார். தோஞாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் கடலைப் பார்த்தேன். வழக்கு முடிந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

அப்போதுதான் ஒரு ஷேர் டாக்சி கிறீச்சிட்டு நின்றது. தமாரிஸ் இறங்கிய வேகத்தில் கதவைக்கூட மூடவில்லை.

“அவரு எங்கயும் வரமாட்டாரு!”

“ஏம்மா, நீ செய்யலன்னு எங்ககிட்ட…” என்றார் தோஞா.

“தெரியும். உங்க ஆளு போன்ல பாடினாரே.” சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய விதிப் புத்தகத்தை உருவித் தோஞாவின் கையில் திணித்தாள். “துப்பறிஞ்சீங்களே, இதைப் படிச்சீங்களா? ஒம்பதாவது விதி. அப்புறம் பன்னெண்டு.”

தோஞா சத்தமாகப் படித்தார். “ஒன்பது: அவசர நேரத்தில் தன் நிலைக்கு மேற்பட்ட சிகிச்சையைச் செய்தவர் ஆறு மாதம் வரை நீக்கப்படலாம்.” பக்கத்தைத் திருப்பினார். “பன்னிரண்டு: தன் பொறுப்பிலுள்ள நோயாளிக்குத் தகுதி நிலை இல்லாத ஒருவர் சிகிச்சை செய்ய அனுமதித்தவரின் அட்டை நிரந்தரமாக…”

தோஞா புத்தகத்தை மூடினார்.

“டிரைவருக்கு நிலையே கிடையாது தோஞா. பட்டியல்லயே அவரு இல்ல. நான் குத்தினேன்னா எனக்கு ஆறு மாசம். அவரு குத்தினாருன்னா எனக்கு ஆயுசுக்கும் இல்ல, அவருக்குப் பரிட்சையும் இல்ல. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“தமாரிஸ், எனக்காக நீ…” என்று ஆரம்பித்தார் ஒதிலோன்.

“உங்களுக்காக யாரு செஞ்சா? எனக்காக. எனக்கு இந்த வேலை வேணும். நல்லவரா இருக்கணும்னு ஆசைப்பட்டா வண்டியை விட்டு இறங்காதீங்க. நீங்க அந்த வாசலை மிதிச்சா என் வேலை போச்சு.”

தோஞா எதெல்மிராவை நான் இவ்வளவு கோபமாகப் பார்த்ததே இல்லை. விதிப் புத்தகத்தை ஆம்புலன்ஸின் மேல் ஓங்கி அடித்தார். “காலையிலேருந்து படியேறிப் படியேறி, உண்மையைக் கண்டுபிடிச்சு, அதைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன். இதை வெளியே சொன்னா அவளுக்குக் குழி. சொல்லலன்னா எனக்கு வயித்தெரிச்சல். என்ன பொழப்புய்யா இது!” துறையில் படுத்திருந்த கடற்சிங்கங்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு புத்தகத்தைத் தமாரிஸிடம் திருப்பிக் கொடுத்தார். “சரி. வாயை மூடிக்கிட்டு இருந்துடுவோம். நமக்கு மட்டும்தானே தெரியும்.”

நான் இருமினேன்.

“என்ன?”

“குழு செயலாளருக்கு… ஒரு சின்ன போன் பண்ணிட்டேன்.”

அவர் சொன்ன வார்த்தைகளை அச்சடிக்க எந்தப் பதிப்பாளரும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

இருபது நிமிடம் எனக்கு என் தப்புக்குச் சரியான தண்டனை கிடைத்தது. குழு செய்து காட்டச் சொன்னால் தமாரிஸ் தடுமாறக் கூடாதே என்று, என் சட்டையைக் கழற்றி என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். ஒதிலோன் என் விலாவை எண்ணிச் சொல்லிக் கொடுக்க, தமாரிஸ் பால்பாயின்ட் பேனாவால் குத்திக் குத்திப் பழகினாள். “எலும்புக்கு மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இல்ல. மறுபடி.” “மறுபடி.” “நல்லா இருக்கு. மறுபடி.” வறுவலோடு வந்த புது உதவியாளர் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

*

குழுவில் மூன்று பேர். நடுவில் டாக்டர் ஒனோஃப்ரே, ஒல்லியான, தூங்காத முகம். கையில் செயலாளர் எழுதிய சீட்டு.

“‘தமாரிஸ் அதைச் செய்யல, ஆதாரம் மஞ்சள் கலர்’னு ஒரு தகவல் வந்திருக்கு. யாரு இந்த நிபால்தோ?”

“என் உதவியாளர், டாக்டர்” என்றார் தோஞா. “வாய் ஓடுற வேகத்துக்கு மூளை ஓடாது.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

“உங்க குற்றப் பத்திரிகையில மூணாவது வரி என்ன? ‘சரிவில், ஆடும் வண்டியில், பொறுப்பில்லாமல்.’ அது நிரூபணமானா அட்டையே போயிடும். அதைத்தான் அவ செய்யலன்னு இவர் சொல்ல வந்தாரு.” தோஞா, ஒதிலோனிடமிருந்து திரும்ப வாங்கிய மஞ்சள் கட்டையை மேஜைமேல் வைத்தார். “எல் லித்ரே சரிவுல டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, கட்டை போட்டிருக்காரு. வண்டி இம்மி அசையல. நான் சொல்றது பொய்னா அந்தச் சரிவுல கடை வெச்சிருக்கிற உர்சுலினாவைக் கேளுங்க.”

உர்சுலினாவைக் கேட்டால் கதை கந்தல். தோஞா துணிந்து சொன்னதாலேயே யாரும் கேட்கவில்லை.

“சரி” என்றார் டாக்டர் ஒனோஃப்ரே. “எப்படிச் செஞ்சே, காட்டு.”

மறுபடியும் என் சட்டை கழன்றது. தமாரிஸின் குட்டிக் கை என் விலாக்களை எண்ணிக்கொண்டு வந்து நின்றது. பேனா முனை சரியான இடத்தில் அழுந்தியது.

டாக்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். என் விலாவில் ஏற்கனவே இருந்த முப்பது நாற்பது நீலப் புள்ளிகளையும் பார்த்தார். நான் பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டேன்.

“நம்ம பள்ளிகள்ல முன்பக்கம்தான் சொல்லித் தர்றோம். பக்கத்துல குத்த உனக்கு யாரு சொல்லித் தந்தா?”

“ஒரு டாக்டர்.”

“எந்த டாக்டர்?”

தோஞாவின் கை என் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

“டிசம்பருக்கு அப்புறம் சொல்றேன், ஐயா.”

டாக்டர் ஒனோஃப்ரே அவளையே பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக, வாசலில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்தார். ஓட்டுநர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நெட்டை மனிதரைப் பார்த்தார். பக்கத்து உறுப்பினர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

“ஒன்பதாவது விதி. ஆறு மாசம். அட்டையை வெச்சிட்டுப் போ.”

அதிகபட்சத் தண்டனை. உயிரைக் காப்பாற்றிய வண்டியில் மூச்சுப் பையை ஒரு நொடியும் விடாமல் அழுத்தியவளுக்கு, அவள் செய்யாத நல்ல காரியத்துக்காக ஆறு மாதம். எனக்கு மேஜையைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. தமாரிஸ் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, “நன்றி ஐயா” என்றாள்.

வாசலில் தோஞா அபெலார்தோவுக்குப் போன் செய்தார்.

“அவ இல்லன்னு நிரூபிச்சிட்டீங்களா?” அந்தப் பக்கக் குரல் எனக்கே கேட்டது.

“இல்ல, தோன் அபெலார்தோ. அவதான் செஞ்சா. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்.” போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “இதை விடக் கசப்பா நான் எதையும் முழுங்கினதில்ல.”

ஒதிலோன் வண்டியிலிருந்து இறங்கவில்லை. சொன்னபடி கேட்டிருந்தார். கண்ணாடியை மட்டும் இறக்கினார், கன்னம் நனைந்திருந்தது. தமாரிஸ் போய் அவர் முன்னால் நின்றாள்.

“அழுறதை நிறுத்துங்க. ஆறு மாசம் நான் வீட்ல சும்மா உக்காரணும். நீங்க மட்டும் பரிட்சையில தோத்தீங்க, உங்க விலாவை நானே ஒடைப்பேன்.”

அவர் பதில் சொல்லுமுன் ரேடியோ கரகரத்தது. லாஸ் காஞாஸ் குன்றில் ஒரு முதியவருக்கு நெஞ்சு வலி. புது உதவியாளர் பின்பக்கம் ஏறினார். ஒதிலோன் ஒரு நொடி அவளையே பார்த்தார். “போங்க” என்று அவள் வண்டியின் பக்கவாட்டில் தட்டினாள். சைரன் கிளம்பி, முனையில் திரும்பி, இடது பக்கமாக மேலேறியது.

தமாரிஸ் கழுத்தைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று என் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்கி ஒதிலோனை அழைத்தாள்.

“ஒதிலோன், இடது பக்கம் போகாதீங்க! அங்க குழாய் தோண்டிப் போட்டிருக்காங்க. திரும்புங்க, பேக்கரிக்குப் பின்னாடி சந்து இருக்கு. ஆக்சிஜனை இப்பவே தயாரா வெக்கச் சொல்லுங்க.”

“ஏம்மா” என்றார் தோஞா, “உன்னை நீக்கி இன்னும் பத்து நிமிஷம்கூட ஆகல.”

“வழி சொல்லக் கூடாதுன்னு ஒரு விதியும் இல்ல தோஞா. முழுசாப் படிச்சிட்டேன்.” போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நாங்களும் பின்னாலேயே நடந்தோம்.